இல்லாத நொதியோடு ஒரு குடித்தனம்

என் மகனுக்கு நோய் எதிர்ப்பில் கோளாறு என்று சொல்லி வாயை மூடுவதற்குள், எதிர்ப்பு சக்தியைக் கூட்ட நெல்லிக்காய், நிலவேம்பு, கபசுரக் குடிநீர் என்று பட்டியல் வந்துவிடும். பாளையங்கோட்டையில் இருக்கும் என் சொந்தங்களும் அப்படித்தான், இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கும் என் கணவர் வழிச் சொந்தங்களும் அப்படித்தான். அன்பில் சொல்வதுதான், கோபப்பட முடியாது. ஆனால் கூட்டுவதற்கு அவனிடம் ஏதாவது இருந்தால்தானே கூட்ட முடியும்? கிருமியை எதிர்க்கிற ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கிற பி செல் என்ற வெள்ளையணு அவன் ரத்தத்தில் கிட்டத்தட்டக் கிடையாது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது, வளர்கிற பருவத்திலேயே செத்துப்போகிறது. அதை வளர்த்துவிட வேண்டிய பிடிகே என்ற நொதி (என்சைம்) அவன் உடம்பில் உருவாவதில்லை. இந்த நோய்க்கு எக்ஸ் இணைந்த அகாமாகுளோபுலினீமியா என்று பெயர். சுருக்கமாக எக்ஸ்எல்ஏ. ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆண் குழந்தைகளில் ஒருவனுக்கு வரும் என்கிறார்கள்.

நான் பி.காம் படித்தவள். உயிரியல் பத்தாம் வகுப்போடு முடிந்தது. அப்படியும் இந்த நொதி செல்லுக்குள் எங்கே உட்கார்ந்து என்ன வேலை செய்கிறது என்று டாக்டரைக் குடைந்து குடைந்து தெரிந்துகொண்டேன். அது வெறும் ஆர்வத்துக்காக இல்லை. எந்தப் பரிசோதனையை நம்பலாம், எந்தச் சொட்டு மருந்து ஆகாது, மருந்து ஏற்றுவது நாலு நாள் தள்ளிப்போனால் பதற வேண்டுமா, குடும்பத்தில் யாரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் பதில் அங்கிருந்துதான் கிடைத்தது. இதே நிலையில் இருக்கும் வேறொரு அம்மாவுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பிறந்து ஏழெட்டு மாதம் வரை அவன் கொழுகொழுவென்று இருந்தான். அது அவனுடைய பலம் அல்ல, என்னுடையது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் ஐஜிஜி ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும். ஐஜிஜி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆறு மாதத்தில் அம்மா கொடுத்த சீதனம் கிட்டத்தட்டக் காலி. மற்றப் பிள்ளைகள் அதற்குள் சொந்தமாகச் சம்பாதிக்க ஆரம்பித்திருக்கும். இவனால் முடியவில்லை. காதில் சீழ், பிறகு நெஞ்சுச் சளி, பிறகு மறுபடி காது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் நன்றாகிவிடுவான், நிறுத்திக் கொஞ்ச நாளில் திரும்பவும் ஆரம்பம். கிரெச்சுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் என்று ஒரு டாக்டர் சொன்னார். கிரெச்சை நிறுத்தினோம். சளி நிற்கவில்லை.

நிமோனியாவில் படுத்தபோது இங்கே வழக்கமான இரண்டு கேள்விகள் முதலில் வந்தன: எச்ஐவியா, காசநோயா? இந்த நாட்டில் அதைக் கேட்காத டாக்டர்தான் தப்பு செய்கிறவர். இரண்டும் இல்லை என்று ஆனது. அவனுக்கு அப்போது ஒன்றரை வயது ஆகவில்லை, அதனால் எச்ஐவிக்கு வைரஸையே தேடுகிற பிசிஆர் செய்தார்கள். கொஞ்சம் பெரியவனாக இருந்திருந்தால் விரலில் குத்தி ஆன்டிபாடி பார்க்கிற உடனடிச் சோதனைதான் செய்திருப்பார்கள். ஆன்டிபாடியே செய்யத் தெரியாத பிள்ளைக்கு அந்தச் சோதனை எப்போதும் "இல்லை" என்றுதான் சொல்லும்.

கடைசியில் கண்டுபிடித்தவர் டர்பனில் ஒரு வயதான டாக்டரம்மா. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டான்சில் எடுத்தாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி பார்த்தார். கழுத்தைத் தடவினார், அக்குளைத் தடவினார், நெறி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. இத்தனை முறை தொற்று வந்த பிள்ளைக்கு டான்சில் வீங்கிப் புடைத்திருக்க வேண்டும். டான்சிலும் நெறிகளும் பி செல்கள் திரளாகக் கூடி உட்காரும் இடங்கள். குடியிருக்க ஆள் இல்லாததால் வீடே எழும்பவில்லை.

அவர் பழைய ரிப்போர்ட்களை வாங்கிப் புரட்டினார். ரத்தத்தில் மொத்தப் புரதம் குறைவு, ஆல்புமின் சரியாக இருக்கிறது. அப்படியானால் குறைவது குளோபுலின், அதாவது ஆன்டிபாடிகள் இருக்கும் பகுதி. மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்துப் பார்க்க இரண்டாம் வகுப்புக் கணக்கு போதும். மாதக்கணக்கில் அந்தத் தாள் எங்கள் கோப்பில்தான் இருந்தது. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளை வைத்திருக்கிறவர்கள் ரிப்போர்ட்டில் இந்த இரண்டு வரிகளைப் பார்த்து, இடைவெளி ரொம்பச் சின்னதாகத் தெரிந்தால் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகைகளின் அளவைப் பார்த்தார்கள். மூன்றும் தரையில். செல்களை எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பி செல்லின் அடையாளமான சிடி19 கிட்டத்தட்டப் பூஜ்யம். மரபணுச் சோதனையில் பிடிகே ஜீனில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது.

இனி அந்த நொதிக்கு வருகிறேன். டாக்டரம்மா ஒரு தாளில் வரைந்து காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பி செல் எலும்பு மஜ்ஜையில் ஒரு மூலச் செல்லிலிருந்து கிளம்புகிறது. முதல் வேலை, ஆன்டிபாடியின் கனச் சங்கிலியைக் கட்டுவது. அதற்காகத் தன் மரபணுவின் துண்டுகளைத் தானே வெட்டி ஒட்டுகிறது. ராக்1, ராக்2 என்ற புரதங்கள் அந்தக் கத்திரிக்கோல் வேலையைச் செய்கின்றன. ஒட்டியது சரியாக வந்ததா என்று செல் சோதித்துப் பார்க்க வேண்டும். சரியாக வந்திருந்தால் கனச் சங்கிலி ஒரு தற்காலிகத் துணைச் சங்கிலியோடு சேர்ந்து செல்லின் மேல்தோலில் போய் நிற்கும். அதற்கு முன்-பி ஏற்பி என்று சொல்லலாம். "நான் வந்துவிட்டேன், வேலை சரி" என்று உள்ளே செய்தி போனால்தான் செல் பிழைத்து, பெருகி, அடுத்த கட்டத்துக்குப் போகும். செய்தி போகாவிட்டால் அங்கேயே சாவு.

அந்த ஏற்பிக்குத் தானாகச் செய்தி அனுப்பத் தெரியாது. நொதிகள்தான் கைமாற்றிவிடுகின்றன. ஏற்பியின் வாலில் லின் என்ற நொதி ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். அந்தப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு சிக் என்ற நொதி வந்து உட்காரும். சிக் இன்னொரு புரதத்தில் பாஸ்பேட் ஒட்டி, மற்றவர்கள் வந்து நிற்க ஒரு மேடை போடும். இன்னொரு பக்கம் பிஐ3 கைனேஸ் என்ற நொதி செல்லின் உள்தோலில் இருக்கும் ஒரு கொழுப்பில் பாஸ்பேட் ஒட்டி வைக்கும். பிடிகேயின் தலைப்பகுதி அந்தக் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் லின்னும் சிக்கும் அதற்கு ஒரு பாஸ்பேட் கொடுக்க, பிடிகே விழித்துக்கொள்ளும். விழித்த பிடிகே பிஎல்சி காமா 2 என்ற நொதியைத் தட்டி எழுப்பும். அது ஒரு கொழுப்பை இரண்டாக வெட்டும். ஒரு துண்டு செல்லுக்குள் கால்சியத்தைப் பெருகச் செய்யும், மற்றது வேறொரு நொதி வரிசையை இயக்கும். முடிவில் செய்தி செல்லின் உட்கருவுக்குப் போய்ச் சேரும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போய், பல மாதம் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. டேங்கர் லாரி வந்தால் தெருவே வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசி வீட்டு ஆயா வரைக்கும் கொண்டுபோவோம். நடுவில் ஒருவர் இல்லாவிட்டால் லாரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தும் ஆயா வீட்டுக்குப் போகாது. என் மகனின் மஜ்ஜையில் அந்த நடு ஆள் இல்லை. லின் இருக்கிறது, சிக் இருக்கிறது, கத்திரிக்கோல்கூட ஒழுங்காக வேலை செய்கிறது. நெல்லிக்காய் எத்தனை தின்றாலும் அந்த ஒரு ஆள் வரமாட்டார்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் செய்தி எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றும் இல்லை. கொஞ்சம் வளர்ந்த பி செல் நம் உடம்பையே எதிரியாக நினைத்து இறுகப் பிடித்தால், அந்தப் பலமான செய்தியே அதற்குச் சாவாகவோ மறு திருத்தமாகவோ முடியும். அதனால் பாஸ்பேட் ஒட்டுகிற நொதிகள் ஒரு பக்கம், அதைப் பிய்த்தெடுக்கிற நொதிகள் மறுபக்கம். மேலே சொன்ன பிஐ3 கைனேஸில் டெல்டா என்ற வகை பிறவியிலேயே ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு நோய். அந்தப் பிள்ளைகளுக்கும் இவனைப் போலவே திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி வரும், நெறி மட்டும் வீங்கியிருக்கும். எதிர்ப்பு சக்தியைக் "கூட்டுகிறேன்" என்று விற்கிற பவுடர் டப்பாக்களைப் பார்த்தால் எனக்கு இப்போது சிரிப்புத்தான் வருகிறது. எதைக் கூட்டுவார்கள்?

1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவக் குழந்தை மருத்துவர் எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். நிமோனியாக் கிருமி அவனைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, ஆன்டிபாடிகள் அடங்கிய காமாகுளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வெளியிலிருந்து அதைத் தோலுக்கடியில் போட்டதும் பையன் தேறினான். நொதி எது என்று தெரிய 1993 ஆனது. இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அந்த ஜீனைப் பிடித்தன. பிடிகே என்பதில் உள்ள பி அந்தப் புரூட்டன்தான். காரணம் தெரிய நாற்பது வருடம் ஆனாலும் மருந்து முதல் நாளே சரியாக அமைந்துவிட்டது. இன்றும் அதே மருந்துதான், சுத்தம் மட்டும் கூடியிருக்கிறது.

இங்கே எங்களுக்குக் கிடைப்பது பாலிகாம் என்ற இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடி மருந்து. பைன்டவுனில் இருக்கும் நேஷனல் பயோபிராடக்ட்ஸ் இன்ஸ்டிடியூட்டில், தென்னாப்பிரிக்கர்கள் தானமாகக் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது. எங்கள் வீட்டிலிருந்து பைன்டவுன் ஒரு மணி நேரத் தூரம். இம்யூனோகுளோபுலின் மருந்துகளை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள். ஜூலுக்காரர், ஆஃப்ரிகானர், டோங்காட் தமிழர் என்று இந்த நாட்டில் யாரெல்லாம் எந்தெந்தத் தொற்றைச் சந்தித்தார்களோ அந்த அனுபவம் எல்லாம் என் பிள்ளைக்கு வந்து சேர்கிறது. என் கணவர் இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ரத்ததானம் செய்வதை நிறுத்தவே இல்லை. மொரிஷியஸில் இருக்கும் என் நாத்தனார் மருந்து அனுப்பவா என்று கேட்டபோதுகூட, அருகிலேயே கிடைக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டோம்.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிறார்கள். அளவு உடல் எடையைப் பொறுத்தது, வழக்கமாகக் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். பிள்ளை வளர வளர அளவும் வளர வேண்டும். பழைய சீட்டையே திரும்பத் திரும்ப எழுதிவிடுவார்கள், ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால் ஐஜிஜி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதும் முக்கியம். அந்த அடிமட்ட எண் நன்றாக இருந்தால் நெஞ்சும் நன்றாக இருக்கிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பாட்டிலின் பேட்ச் எண்ணையும் அவனுடைய ரோடு டு ஹெல்த் என்ற குழந்தை நலப் பதிவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். ஏற்றுவதற்கு முந்தின நாளே தண்ணீர் நிறையக் குடிக்க வைத்து, மெதுவாக ஏற்ற ஆரம்பித்தால் தலைவலி வருவது குறையும். நர்சம்மா அவசரப்பட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீட்டுக்காரர்களோடு பேசும்போது கதை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. டி80.0 என்ற நோய்க் குறியீட்டைச் சொல்லுங்கள், ஜீன் ரிப்போர்ட்டையும் சிடி19 எண்ணையும் இணைத்து அனுப்புங்கள். ஒருமுறை "ஆறு மாதம் நிறுத்திப் பார்க்கலாமே, தானாகச் சரியாகிறதா என்று" என ஒரு கடிதம் வந்தது. வேறு சில பிள்ளைகளுக்கு ஆன்டிபாடி தாமதமாக உருவாவது உண்டு, அவர்களுக்கு அந்தக் கேள்வி நியாயம். இங்கே செல்லே இல்லை, நொதியே இல்லை, நிறுத்திப் பார்க்க எதுவும் இல்லை. டாக்டரம்மா இதையே நாலு வரியில் எழுதிக் கொடுத்தார், அனுமதி வந்துவிட்டது.

2021 ஜூலைக் கலவரத்தின்போது நாங்கள் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணம் முழுக்கக் கடைகள் எரிந்தன, நெடுஞ்சாலைகள் மூடப்பட்டன. அந்த வாரம் அவனுக்கு மருந்து ஏற்றும் நாள். வீட்டில் ஒரே பதற்றம். அத்தை சாமியறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கும் வயிற்றைக் கலக்கியதுதான், ஆனால் மூன்று வாரத்தில் பாதியாகும் கணக்கு நினைவில் இருந்தது. ஒரு வாரம் தள்ளினால் ஐஜிஜி இன்னும் கொஞ்சம் இறங்கும், ஒரேயடியாகத் தீர்ந்துவிடாது. காய்ச்சல் வந்தால் கொடுக்க ஆன்டிபயாடிக் கையில் இருந்தது, டாக்டரின் எண்ணும் இருந்தது. கொள்ளைக்கூட்டம் திரிகிற ரோட்டில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதைவிட வீட்டில் இருப்பதே மேல் என்று முடிவு செய்தோம். டாக்டரும் அதையே சொன்னார்.

அடுத்த வருட வெள்ளத்தில் கதை வேறு. ஏற்றுகிற மருந்தில் இருப்பது கிட்டத்தட்ட ஐஜிஜி மட்டும். குடலையும் மூக்கையும் காக்கிற ஐஜிஏ அதிலிருந்து கிடைப்பதில்லை. அதனால் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி சுலபமாகத் தொற்றும், லேசில் விடாது. டேங்கர் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் பல் தேய்க்கக்கூட விடவில்லை. அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள், செய்யட்டும்.

தடுப்பு மருந்துகளில் கவனமாக இருக்க வேண்டியது வாய்வழிப் போலியோச் சொட்டு. அதில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். ஆன்டிபாடி இல்லாத குடலில் அது மாதக்கணக்கில் தங்கி, மறுபடி வீரியம் பெற வாய்ப்பு உண்டு. நோய் தெரியும் முன்பே இவனுக்குச் சொட்டு போட்டிருந்தார்கள். பிறகு மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, வைரஸ் இல்லை என்று உறுதி செய்தார்கள். வீட்டில் வேறு கைக்குழந்தைக்குச் சொட்டு போட்டால் அதன் மலத்தில் சில வாரம் வைரஸ் வெளியேறும். கொழுந்தனார் பிள்ளைக்குப் போட்ட சமயத்தில் நாப்பி மாற்றுகிற இடத்துக்கு இவனை விடவில்லை. ஊசியில் போடும் போலியோ மருந்திலும் ஃப்ளூ ஊசியிலும் உயிருள்ள வைரஸ் இல்லை, பயப்பட வேண்டாம். பி செல் இல்லாவிட்டாலும் டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணு இவனுக்கு நன்றாகவே இருக்கிறது, ஊசியால் அதற்குப் பயிற்சி கிடைக்கும் என்றார் டாக்டர்.

இன்னொரு விஷயம்: மருந்து ஏற்றிய பிறகு இவன் ரத்தத்தில் எந்த ஆன்டிபாடிப் பரிசோதனை செய்தாலும் தெரிவது தானம் கொடுத்தவர்களின் கதைதான். ஒரு தடவை வேறொரு கிளினிக்கில் ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி "இருக்கிறது" என்று வந்து, என்னை உட்காரவைத்துத் துக்கம் விசாரிக்கிற குரலில் பேச ஆரம்பித்தார்கள். பிசிஆர் செய்யுங்கள், கிருமியையே தேடுங்கள் என்றேன். கிருமி இல்லை.

தைப்பூசத்துக்கு இந்த ஊரில் காவடி எடுப்பது பெரிய விசேஷம். என் கணவர் ஐந்தாம் தலைமுறை, தேவாரம் மனப்பாடமாகப் பாடுவார், பேச்சுத் தமிழ்தான் தடுமாறும். அவர் அப்பாவும் தாத்தாவும் அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள். பையனுக்கும் ஆசை. காவடி தாராளமாகத் தூக்கட்டும், உடம்பில் வேலோ கொக்கியோ குத்துவது மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். தோலில் இருக்கும் கிருமி உள்ளே போனால் இவனுக்கு அது சின்ன விஷயமாக இருக்காது. அத்தை முகம் கொஞ்சம் வாடியது. கோயில் குருக்கள் பெரிய மனுஷர், "முருகனுக்குத் தெரியாதா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் இன்னொரு வேடிக்கை. என் கணவரின் சித்தப்பாவுக்கு நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய். அவருக்கு பி செல்கள் அளவில்லாமல் பெருகுகின்றன. அவர் சாப்பிடும் இப்ருட்டினிப் மாத்திரை செய்வது என்ன தெரியுமா? பிடிகேயில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. என் மகனின் நோய்க்குக் காரணமான ஜீன் 1993-இல் தெரிந்தது, அதே நொதியை நிறுத்துகிற முதல் மாத்திரைக்கு 2013-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு உட்காரும்போது ஒருவருக்கு அந்த நொதி இல்லை, இன்னொருவருக்கு இருப்பதை மாத்திரை போட்டு நிறுத்தியிருக்கிறோம். சித்தப்பாவுக்கும் தொற்று சுலபமாக வரும், அதனால் இருவரில் யாருக்குச் சளி பிடித்தாலும் மற்றவர் அன்றைக்கு வருவதில்லை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தொடக்கூடாது, மருந்து ரத்தத்தில் அளவு மீறிவிடும். பல் பிடுங்குவதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ரத்தம் நிற்பது கஷ்டம். சித்தப்பா வீட்டுத் தோட்டத்தில் கிரேப்ஃப்ரூட் மரமே இருக்கிறது, பாவம்.

இனி குடும்பத்து விஷயம். இதுதான் ஆஸ்பத்திரியைவிடக் கஷ்டமாக இருந்தது. பிடிகே ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். பழுதான ஜீனைச் சுமக்கிற பெண்ணுக்கு நோய் வராது, காரணம் சுவாரசியமானது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைக்கப்பட்டிருக்கும். பழுதான எக்ஸ் இயங்குகிற இளம் பி செல்கள் மஜ்ஜையிலேயே செத்துவிடும், நல்ல எக்ஸ் இயங்குகிறவை மட்டும் வளர்ந்து வெளியே வரும். ஆகவே என் ரத்தப் பரிசோதனை எல்லாம் பழுதில்லாமல் வந்தது. ஜீன் சோதனைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஆன்டிபாடி அளவு சரியாக இருக்கிறது என்பதை வைத்து எந்தப் பெண்ணும் "எனக்கில்லை" என்று முடிவு கட்டக்கூடாது. எல்லா அம்மாக்களும் சுமப்பவர்களும் இல்லை, கணிசமான பிள்ளைகளுக்கு ஜீன் மாற்றம் புதிதாகவே நேர்கிறது.

"எங்க வீட்டுல இது யாருக்கும் இல்லையே" என்று அத்தை ஒரு நாள் சொன்னார்கள். உண்மைதான், அவர்கள் வீட்டில் இல்லை. நான் பதில் சொல்லவில்லை, பாளையங்கோட்டைக்கு போன் போட்டு ஆச்சியிடம் கேட்டேன், சின்ன வயதில் இறந்துபோன என் தாய்மாமாவுக்கு என்ன நோய் என்று.

"ஏட்டி, அவனுக்கு எந்நேரமும் காதுல சீழ்தான். நாலு வயசுல நெஞ்சுல சளி கட்டிக்கிட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டான். எவ கண்ணு பட்டுச்சோன்னு இருந்தேன்."

கண்ணு இல்லை ஆச்சி, ஒரு நொதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் அழுதார்கள், அப்புறம் "அப்போ தங்கச்சிக்கு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் தாய்மாமன் சீர் பற்றி நாள்கணக்கில் பேசுவோம், தாய்மாமன் எதனால் செத்தார் என்று கேட்கமாட்டோம். இந்த நோய்க்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்: அம்மாவின் தம்பி, அண்ணன், அம்மாவின் அக்கா தங்கை பெற்ற பையன்கள்.

என் மகளுக்கு இப்போது சோதனை வேண்டாம் என்று மரபணு ஆலோசகர் சொன்னார். அவள் உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை, தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை வளர்ந்து அவளே முடிவு செய்யட்டும். மகன் ஒரு நாள் கல்யாணம் செய்துகொண்டால் அவன் பையன்களுக்கு இது போகாது, பெண்கள் எல்லோரும் சுமப்பவர்களாக இருப்பார்கள். இதையும் அவனுக்கு நாங்களே சொல்லிவிட்டோம், கொஞ்சம் யோசித்துவிட்டு "அப்போ பையன்தான் பெத்துக்கணும்" என்றான். பொடியனுக்கு வாய் அதிகம்.

தங்கைக்குச் சோதனை செய்தாயிற்று, அவளும் சுமப்பவள். அடுத்த மாதம் பிரசவம். இந்தியாவில் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்பதால் இரண்டுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தின் ஜீன் மாற்றம் எந்த இடத்தில் என்று எழுதிய தாளை அவள் டாக்டருக்கு அனுப்பியாயிற்று. பையன் என்றால் பிறந்ததும் கொடுக்கிற போலியோச் சொட்டைத் தள்ளிவைக்கச் சொல்லி, அதைப் பிரசவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஐஜிஜி பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றும் சொன்னேன், அது தங்கையுடைய ஐஜிஜியாகத்தான் இருக்கும். குழந்தையின் ரத்தத்தில் சிடி19 எண்ண வேண்டும். அந்த மாதிரியை எந்த லேபில், எத்தனை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.